பிரஷர் இறங்கிவிட்டது என்று விட்டுவிடாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிட்டது, மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார், இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்றாய். கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, மா. போனில் சொன்னால் குழந்தை அழுகிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கர்ப்பத்தின்போது நம் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. அத்தனையையும் அதே இதயம்தான் இறைக்க வேண்டும், அதே குழாய்கள்தான் தாங்க வேண்டும். உடம்புக்கு அது ஒரு பரீட்சை மாதிரி. உனக்கு வந்த ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால பிரஷர் நோயில் நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் சில பொருள்கள் ரத்தக் குழாய்களின் உட்பூச்சைக் கெடுக்கின்றன. அதனால்தான் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. பிரசவமானபின் சில வாரங்களில் அளவுகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அப்படி ஒரு முறை வந்த பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண்களின் இதயத்துக்கென்று அமெரிக்க இதய சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே ப்ரீ-எக்ளாம்ப்சியாவையும் கர்ப்பகாலச் சர்க்கரையையும் ஆபத்துக் காரணங்களாகச் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு மடங்கு என்றதும் பதறாதே. உன் வயதில் அந்த வாய்ப்பே மிகவும் குறைவு. அதன் இரண்டு மடங்கும் குறைவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பலருக்கும் ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியவரும் செய்தி உனக்கு இப்போதே கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள இன்னும் எத்தனையோ வருஷம் கையில் இருக்கிறது.

முதல் வேலை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக எடுத்து வை. எந்த டாக்டரைப் பார்த்தாலும், காய்ச்சலுக்கே போனாலும், "கர்ப்பத்தில் எனக்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா இருந்தது" என்று நீயாகச் சொல். பிரசவம் பார்த்தவர் ஒருவர், பின்னாளில் இதயத்தைப் பார்ப்பவர் வேறொருவர். நடுவில் இந்தச் செய்தியைக் கொண்டுபோக உன்னைவிட்டால் ஆள் இல்லை. கருத்தடை மாத்திரை கேட்கும்போதும் சொல்லிவிடு. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பிரஷரை ஏற்றக்கூடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் பேசு. மறுபடி இது வராமல் தடுக்க, ஏறக்குறைய மூன்றாம் மாத முடிவிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். நீயாக மட்டும் வாங்கிப் போடாதே.

வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடு. வீட்டிலேயே பிரஷர் பார்ப்பதானால் சரியாகப் பார். ஓடி வந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசியபடியே பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார். கை இதயத்தின் உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். பட்டையைத் துணிமேல் சுற்றாதே. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை பார்த்து இரண்டையும் தேதியோடு எழுதிவை. 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் போகத் தள்ளிப்போடாதே. 

இனிச் சொல்வதை மாப்பிள்ளையும் படிக்க வேண்டும். மாரடைப்பில் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சுவலிதான் வரும். ஆனால் அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியாகவே இருக்கும் என்றில்லை. நெஞ்சில் ஒரு அழுத்தம், தாடையிலோ கழுத்திலோ மேல்முதுகிலோ வலி, மூச்சு வாங்குதல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமே தெரியாத அசதி என்றும் வரும். பெண்களுக்கு இவை கூடுதலாக வருவதால்தான் வாயு என்றோ, வேலை அலுப்பு என்றோ சொல்லிப் படுத்துக்கொள்கிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அப்படி ஏதும் திடீரென்று வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நீயே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதே. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு சந்தேகம் தீர்ந்துவிடாது. இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா, மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சாப்பாடு, நடை பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பாக்கெட்டில் வருபவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இதில் சேர்த்திதான். நடை வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும். பத்துப் பத்து நிமிஷமாக நடந்தாலும் கணக்கில் சேரும். யார் புகைத்தாலும் வீட்டுக்குள் கூடாது, அந்தப் புகை உன் இதயத்தையும் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கும்.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். குழந்தையின் தடுப்பூசித் தேதி உனக்கு மனப்பாடம், மாப்பிள்ளையின் சர்க்கரை அளவு மனப்பாடம். உன் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்டால் "பார்க்கவே இல்லை" என்கிறாய். இந்தப் பழக்கங்களையும் நீ ஒருத்தியே தலையில் தூக்கிக்கொண்டால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும், சீக்கிரமே விட்டுப்போகும். உப்பைக் குறைப்பது மொத்த வீட்டுக்கும்தான், உனக்கென்று தனிச் சமையல் வேண்டாம். சாயங்காலம் மூவருமாக நடந்துவிட்டு வாருங்கள், குழந்தை வண்டியில் வரட்டும். ராத்திரி எழுந்திருப்பதை இருவரும் முறை போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தொடர்ந்து குறைந்தால் பிரஷர் ஏறும். கைக்குழந்தையோடு அது தினமும் நடக்காது என்று எனக்கும் தெரியும், ஆனால் தூங்காமல் இருப்பதே வழக்கமாகிவிடக் கூடாது.

இந்த மாதத்துக்குள் அந்த மூன்று பரிசோதனையையும் முடித்துவிடு. எப்போது போகிறாய் என்று சொல், அன்றைக்கு நான் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா