பழைய ஏரித் தூம்புகள் (கல்மதகுகள்), அணைக்கட்டுகள், நடுகற்களைப் பார்வையிட்டுப் படமெடுக்கத் தெளிவான நடைமுறை வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வட்டாரப் பழமைச்சின்ன ஆர்வலர்கள் சார்பாக,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மாவட்டத்தின் பழைய நீர்நிலைக் கட்டுமானங்களையும் நடுகற்களையும் பொதுமக்கள் பார்வையிட்டுப் படமெடுக்க அனுமதி நடைமுறை வகுத்தல், தூர்வாரும் பணிக்கு முன் அவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விடுமுறை நாள்களில் பழைய ஏரி, கால்வாய், நடுகல், கோட்டை என்று தேடிப் போய்ப் பார்த்துப் படமெடுத்து வைப்பவர்கள் நாங்கள். ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், விவசாயிகள், ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் என்று கலந்த கூட்டம். இதில் யாருக்கும் வருமானம் கிடையாது.

எந்த இடத்தில் படம் எடுக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை என்பதே எங்கள் குறை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கரையில் நிற்கும் எழுத்துள்ள கல்லுக்குத் தொல்லியல் துறை, கோயில் இருந்தால் அறநிலையத் துறை, ஏரிக்குப் பின்னால் காடு தொடங்கினால் வனத் துறை. ஒரு அணைக்கட்டில் எங்களோடு வந்த கல்லூரி மாணவிகளை நிறுத்தி, செல்போனில் எடுத்த படங்களை அழிக்க வைத்தார்கள். எந்த விதிப்படி என்று கேட்டதற்கு, மேலே கேளுங்கள் என்றார்கள். மேலே போய்க் கேட்டால், அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். காவலுக்கு நிற்பவரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கையிலும் எழுத்து மூலமாக எதுவும் இல்லை.

ராயக்கோட்டை மலைக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களில் படமெடுக்க இருந்த தடையை, அஜந்தா குகைகள், தாஜ்மகால் உட்புறம் போன்ற மிகச்சில இடங்கள் தவிர, 2018-ஆம் ஆண்டே நீக்கிவிட்டார்கள். அதனால் கோட்டையில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாயையோ, ஏதோ ஒரு சிற்றூரின் கல்தூம்பையோ படமெடுக்கப் போகும்போதுதான் தயங்கி நிற்கிறோம்.

தூம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏரியின் உட்பக்கம் கரையை ஒட்டி இரண்டு கல்தூண்கள் நிற்கும். இடையே ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுக்குக் கற்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அந்தத் துளைகள் வழியே இறங்கும் நீளமான கழி, அடியிலுள்ள கல்தொட்டியின் வாயை அடைத்திருக்கும். தண்ணீர் திறந்துவிடும் ஊர்ப் பணியாளரான நீர்கட்டி அந்தக் கழியைத் தூக்கினால், கரைக்கு அடியில் ஓடும் கல்வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில், கழி உரசி உரசி மேல்கல்லின் துளை ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, வட்டம் நீண்டுபோயிருக்கிறது. தூணின் முகத்தில் ஒரு மீன். அதற்கு மேலே பாசிக்கு அடியில் சில எழுத்துகள். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கல்தான். காலை வெயில் பக்கவாட்டில் சாயும்போது மட்டும் எழுத்து நிழல் கட்டி எழுந்து நிற்கும். படம் எடுக்க அந்த நேரத்தை விட்டால் பயனில்லை.

அதுவும் எல்லா மாதமும் கிடைக்காது. தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில்தான் தூம்பு அடிவரை வெளியே தெரியும். மனு கொடுத்து, அது மேசை மேசையாக நகர்ந்து ஆடியில் அனுமதி வந்தால் அதை வைத்து என்ன செய்வது? மழை பிடித்து ஏரி நிரம்பிவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.

அதே கோடையில்தான் தூர்வாரும் பணியும் நடக்கிறது. அது கண்டிப்பாக நடக்க வேண்டும்; ஏரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள்தான் நாங்கள். ஆனால் இரும்பு ஷட்டர் போடும்போது பழைய தூண்களைப் பிடுங்கி உடைத்து, கரைச் சரிவில் கல்லோடு கல்லாகப் பதித்துவிடுகிறார்கள். அப்படிப் பதித்த ஒரு துண்டில் இரண்டு வரி எழுத்து பாதியோடு நிற்பதைப் பார்த்தோம். மீதிப் பாதி எங்கே என்று ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது. முன்னதாக ஒரே ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அந்த வரிகள் முழுதாகக் கிடைத்திருக்கும். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அரசே அறிவித்த மாவட்டம் இது. இங்கே எந்தக் கல்லையும் சாதாரணக் கல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

நடுகற்களில் எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடுகிறார்கள். ஊர்ப் பெரியவரிடம் கேட்காமல் கேமராவை வெளியே எடுப்பதில்லை. எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் கிடையாது; பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தாலே போதும். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதித்த உயர் நீதிமன்ற உத்தரவையும் மதிக்கிறோம். பெண்ணேஸ்வரமடம் போன்ற கோயில்களின் வெளிச்சுவர்க் கல்வெட்டுகளை மட்டும், செயல் அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு படமெடுக்க வழி இருந்தால் நல்லது.

ஆகவே, மாவட்ட நிர்வாகம் ஒரு பக்க அளவில் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறோம். ஏரிக்கரை, தூம்பு, கோடி (உபரிநீர் வெளியேறும் வழி), கால்வாய், நடுகல் ஆகியவற்றைச் செல்போனிலோ சாதாரண கேமராவிலோ படமெடுக்கத் தடையில்லை என்று அதில் சொல்ல வேண்டும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்க) அணையின் மதகு இயக்கப் பகுதி போன்ற, பாதுகாப்பு கருதி மூடிய இடங்கள் எவை என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிட்டால் அந்தப் பக்கம் போக மாட்டோம். ட்ரோன் நாங்கள் கேட்கவில்லை. அனுமதி தேவைப்படும் இடங்களுக்கு, எந்தத் துறையின் இடமானாலும் ஒரே அலுவலர் 7 நாளில் பதில் தரும்படி செய்ய வேண்டும்.

அப்புறம், இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறோம்: எந்த ஏரியில் வேலை தொடங்கினாலும், பொக்லைன் இறங்கும் முன் அங்குள்ள பழைய தூம்பையும் எழுத்துள்ள கற்களையும் நான்கு பக்கமும், அளவுகோல் வைத்துப் படமெடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். அகற்றியே தீர வேண்டிய கல்லை உடைக்காமல் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும். படமெடுக்க ஆள் போதவில்லை என்றால் எங்களைக் கூப்பிட்டால் போதும், சொந்தச் செலவில் வந்து எடுத்துத் தருகிறோம். இதுவரை எடுத்த படங்களையும் ஊர், ஏரி, நாள் குறித்து அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம்.

வருகிற பங்குனிக்குள் இந்த உத்தரவு கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: காவேரிப்பட்டினம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)