எலுமிச்சையும் உன் பல்லும்

அன்புள்ள மக்கா,

புளியங்குடியில இருந்து அம்மா எழுதுதேன். போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவே. அதான் காகிதத்துல எழுதுதேன்.

போன ஞாயித்துக்கிழமை, பச்சத் தண்ணி பட்டாலே பல்லு கூசுதுன்னு சொன்னே. பேச்சோட பேச்சா இன்னொண்ணும் சொன்னே. உடம்பு குறையணும்னு காலையில லேப்டாப் முன்னாடி உக்காந்து, ஒரு பாட்டில் எலுமிச்சம் தண்ணிய ஒரு மணி நேரமா கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கே. முடிச்ச கையோட போயி பல்லு தேய்க்கே. ரெண்டையும் நீ சேத்துப் பாக்கல. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

எலுமிச்சைய நான் குறை சொல்லல. அதுதான் நமக்குச் சோறு போட்டுது. கமிஷன் கடையில காய் பிரிக்கும்போது அடிபட்ட பழத்தைப் பிச்சு, உப்பும் வத்தப்பொடியும் தொட்டு நக்குறது எங்களுக்குப் பொழுதுபோக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் வாயிலயும் ஒரு துண்டு வச்சதும் நான்தான்.

ரெண்டு வருசம் முன்னாடி என் முன்பல்லு மஞ்சளாச்சுல்லா, ஞாபகம் இருக்கா? அழுக்குன்னு நினைச்சு ஆச்சி சொன்ன மாதிரி உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடுச்சு. பாளையங்கோட்டையில பல் டாக்டர்கிட்ட போனா, "இது அழுக்கு இல்லம்மா. மேல இருக்க எனாமல் தேஞ்சு போச்சு, உள்ள இருக்க மஞ்சள் பல்லு தெரியுது"ன்னாரு. கண்ணாடியில காட்டுனாரு. பல்லு ஓரம் மெலிஞ்சு, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சுது. நான் தேய்ச்சது கறைய இல்ல, பல்லையே.

நம்ம வீட்டு மொசைக் தரையில எலுமிச்சம் சாறு சிந்தின எடம் மட்டும் பளபளப்புப் போயி வெள்ளையாத் தழும்பு கிடக்கும், பாத்திருக்கேல்லா? எத்தனை தடவை துடைச்சும் போகல. ஏன்னா அது கறை இல்ல, கல்லே அரிச்சுப் போனது. பல்லுலயும் அதேதான் நடக்குதாம். எனாமல் முக்கால்வாசிக்கு மேல, நூத்துக்குத் தொண்ணூத்தாறு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேந்த கல்லு மாதிரிதான். நம்ம உடம்புலயே கெட்டியானது அதுதானாம், எலும்பை விட. ஆனா அதுக்கு உசுரு கிடையாது. நகம் வெட்டுனா வளரும், எனாமல் போனா போனதுதான்.

புளிப்புக்கு பி.எச்.னு ஒரு கணக்கு இருக்கு, நம்பர் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்னு அர்த்தம். வாயில அது 5.5-க்குக் கீழ போனா எனாமல் கரைய ஆரம்பிக்குமாம். எலுமிச்சம் சாறு ரெண்டு, ரெண்டரைதான். கோலா பாட்டிலும் அதே ரகம்தான். எச்சில்தான் நமக்குக் காவல். அது புளிப்பை மட்டுப்படுத்தி, தன்கிட்ட இருக்க கால்சியத்தைக் கொண்டு இளகின எடத்தை மறுபடி இறுக்குது. அதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் வேணும். நீ நிமிசத்துக்கு ஒரு வாய் குடிச்சா அந்த நேரம் எங்க கிடைக்கும்? இளகிக் கிடக்கும்போதே பிரஷ்ஷையும் போட்டுத் தேய்க்கே. ஏட்டி, ஈரச் சிமிண்டுல விளக்குமாறு போடுவியா?

அதனால பல்லு தேய்ச்ச பிறகு வேணும்னா குடி, சாப்பாட்டோட குடி, ஒரே மூச்சுல குடிச்சு முடி. உடனே வெறுந்தண்ணிய ஊத்தி வாயக் கொப்பளி. எங்கிட்ட கேட்டா, அந்தத் தண்ணியே வேண்டாம்பேன். உடம்பு குறைய நடந்தா போதும். சொதியில பிழியுற எலுமிச்சைக்குப் பயப்படாத. சோத்தோட போகுது, மெல்லும்போது எச்சிலும் ஊறும். மோரும் புளிப்புதான், ஆனா அதுல கால்சியம் இருக்கதால பல்லை அரிக்காதாம். இது எனக்கே புதுசா இருந்துச்சு.

பேஸ்ட் வாங்கும்போது விளம்பரத்தைப் பாக்காத, அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி பாரு. ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-முக்குக் (பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு) குறையாம இருக்கணும். இளகின எனாமலைத் திரும்ப இறுக்க அது ஒத்தாசை பண்ணும், இறுகினது புளிப்புக்கும் முன்னைவிடத் தாங்கும். தருமபுரிப் பக்கம் போர்த் தண்ணியில ஃபுளோரைடு மிஞ்சித்தான் பிள்ளைகளுக்குப் பல்லு கறையாப் போச்சுன்னு உங்க அப்பா பயந்தாரு. அது வருசக்கணக்கா குடிக்கிறது, இது துப்புறதுன்னு டாக்டர் சொன்னாரு. அக்கா மகளுக்கு மட்டும் மூணு வயசு ஆகுற வரைக்கும் ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதுமாம்.

ராத்திரி தேய்க்கிறதை மட்டும் விட்டுராத. தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைச்சலாத்தான் ஊறும். தேய்ச்சுட்டுத் துப்பு, குடம் குடமா ஊத்திக் கொப்பளிக்காத, பேஸ்ட்டுல இருக்க ஃபுளோரைடு பல்லுல கொஞ்ச நேரம் நிக்கட்டும். மெத்துன்னு இருக்க பிரஷ் வாங்கு. கரிப் பேஸ்ட்டுன்னு கறுப்பா ஒண்ணு விக்கானாமே, அது உமிக்கரியோட பேத்திதான். வாங்காத.

கூச்சம் ரெண்டு வாரத்துல குறையலன்னா அங்கயே டாக்டரைப் பாரு. ரூபா அனுப்புதேன். எலுமிச்சை ஊறுகாயும் பஸ்ல போட்டு விடுதேன், சோத்துக்குத் தொட்டுக்க மட்டும். வார ஞாயித்துக்கிழமை போன்ல வரும்போது சன்னல் பக்கம் உக்காந்து வாயத் திறந்து காட்டு.

அம்மா