மாத்திரையை நிறுத்தச் சொல்லுமுன் திகதியை உறுதிசெய்யுங்கள்

வன்னியின் இருதய நோயாளரைக் கொழும்புக்கு அனுப்பும் பொறுப்பிலும், அங்கே அவர்களை ஏற்கும் பொறுப்பிலும் உள்ள சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதயப் படபடப்புக்கான கதீற்றர் அப்லேசன் சிகிச்சையைச் செய்வதற்கு வன்னிக்குள் வசதியில்லை என்பது நீங்கள் அறிந்ததே. அதை முறையிட இம்மடலை எழுதவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து திகதி கொடுத்து அழைக்கப்பட்ட என் அக்கா, கடந்த வாரம் சிகிச்சை நடைபெறாமலே திருப்பி அனுப்பப்பட்டார் என்பதே என் முறைப்பாடு.

தொடை இடுக்கின் நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, பிழையான மின்பாதையைக் கண்டுபிடித்து, அந்தச் சிறு இடத்தைச் சூடாக்கித் தழும்பாக்குவதே இச்சிகிச்சை. அப்பாதையைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் படபடப்பைத் தாங்களே தூண்டிப் பார்க்க வேண்டும். படபடப்புக்கு வழக்கமாக எடுக்கும் மாத்திரை அதை அடக்கிவிடும் என்பதால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். அக்காவுக்குள்ள வகைப் படபடப்பில் நூற்றுக்குத் 95 பேர் வரை குணமடைகிறார்கள் என்று கேட்டதால், அவரும் நம்பித் தன் மாத்திரையான வெரபமிலை நிறுத்தினார். மூன்றாம் நாள் கிணற்றடியில் நாடி 190ஐத் தொட்டது. வாளியை விட்டுவிட்டு நிலத்தில் இருந்தவரை அயலவர்கள் ஓட்டோவில் ஏற்றிச் சென்று ஊசி போடுவித்தார்கள். திகதி நெருங்குகிறதே என்று அதையும் பொறுத்துக்கொண்டு, இரவு பஸ்ஸில், நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் உண்ணாமல் போய்ச் சேர்ந்தவருக்குக் கிடைத்த பதில், இன்றைய பட்டியல் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது என்பதுதான். மாத்திரையைத் திரும்பத் தொடங்குவதா என்று கேட்டார். கிளினிக் கொப்பியில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

இயந்திரம் பழுதாகலாம், அவசர நோயாளர் வரலாம், அதை விளங்கிக்கொள்கிறோம். பட்டினி கிடப்பதும் வன்னிச் சனத்துக்குப் புதிதல்லவே! ஆனால் கொப்பியின் முன்னட்டையில் தொலைபேசி இலக்கம் எழுதியிருக்கிறது. கட்டடத் திறப்பு விழாவுக்கு ஆட்களைத் திரட்ட ஊரில் ஒரு வீடு தவறாமல் அழைப்பெடுக்க முடிகிறவர்களுக்கு, ஒரு நோயாளியை அழைக்க முடியாமற்போனது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லுமுன் தொலைபேசியில் திகதியை உறுதிசெய்யுங்கள். அதன் பின்னும் ஒத்திவைக்க நேர்ந்தால், மாத்திரையை என்ன செய்வதென்று கொப்பியில் எழுதிக் கொடுத்து, அவரை அடுத்த பட்டியலில் முதலாவதாகச் சேருங்கள். அக்காவுக்கு இன்னும் புதிய திகதி வரவில்லை. அதைத் தரும்போதாவது இவ்வாறு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் தம்பி