விரல் தடுமாறினால் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கழுத்து வலித்தால் முதலில் கோடாலித் தைலம். அதற்கு அடங்காவிட்டால் உருவி விடுகிறவர். பெரும்பாலான கழுத்துவலி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதால் இதில் பெரிய குற்றமில்லை. ஆனால் கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கி, மாதக்கணக்கில் முற்றிக்கொண்டே போகும் வகை ஒன்று இருக்கிறது. அதில் கழுத்து வலிக்காமலேயே இருக்கலாம். ஆட்கள் ஏமாறுவது அங்கேதான்.

கழுத்தில் 7 எலும்புகள். வயது ஏற ஏற இடையிலுள்ள ஜவ்வு உலர்ந்து சப்பையாகிறது, ஓரத்தில் எலும்பு முளைக்கிறது, பின்பக்கத் தசைநார் தடிக்கிறது. தண்டுவடம் இறங்கும் குழாய் இப்படித்தான் ஒடுங்குகிறது. முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் 10-க்கும் கீழே போய்விட்டால் தண்டுவடம் நசுங்கும். தலையை அண்ணாந்தால் இன்னும் ஒடுங்கும். செம்பனைக் குலை அறுப்பவருக்கு அண்ணாந்து பார்ப்பதே வேலை. அந்த வேலைதான் நோயைக் கொடுத்தது என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே ஒடுங்கிய கழுத்துக்கு அது ஆகாது.

ஒற்றை நரம்பு நசுங்கினால் ஒரு கையில் சுரீரென்று வலி இறங்கும். அந்த வலியே ஆளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விடும். தண்டுவடம் நசுங்கினால் அப்படி இல்லை. சட்டைப் பொத்தான் மாட்ட நேரமாகும். பிசைந்த சோறு விரலிடுக்கில் வழியும். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாது. கால் விறைத்து, இருட்டில் சுவரைத் தேடும். சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. 'வயசாச்சு' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

கிளினிக்கில் வேறு இரண்டு பெயர்கள் முந்திக்கொள்ளும். ஒன்று, மணிக்கட்டில் நரம்பு இறுகும் கார்ப்பல் டனல். அது பெருவிரல் பக்கத்து விரல்களை மரத்துப்போகச் செய்யும், நடையைக் கெடுக்காது. இன்னொன்று இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நம்மவர்களில் அது இல்லாத வீடு குறைவு, ஆகவே மரத்துப்போனதெல்லாம் அதன் கணக்கில் எழுதப்படுகிறது. இனிப்பு நீரால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். மருத்துவர் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது (ரிஃப்ளெக்ஸ்) குறையும். தண்டுவடம் நசுங்கினால் அந்தத் துள்ளல் அதிகமாகும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும் என்பதால் சுத்தியலோடு மட்டும் நிறுத்தக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை. உள்ளங்கை கீழே பார்க்கக் கையை நீட்டி, 10 விநாடியில் விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரியுங்கள். வேறொருவர் எண்ணட்டும். 20 முறைக்குக் குறைந்தாலோ, சுண்டுவிரல் பக்கம் விரிய மறுத்தாலோ கவனிக்க வேண்டும். மூட்டுவாதம் உள்ளவருக்கும் எண்ணிக்கை குறையும், ஆகவே இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அடுத்து, தரையில் ஒரு கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து, தடுமாறுகிறதா என்று நடந்து பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போகும்போது 'கழுத்து வலி' என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்புவீர்கள். எந்த மாதம் எது கைவிட்டுப்போனது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பொத்தான், படி, சிறுநீர், விழுந்த தேதி. 'கை, கால் ரிஃப்ளெக்ஸ் பாருங்கள், தண்டுவடம் நசுங்கியிருக்குமா?' என்று நேராகக் கேளுங்கள். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் பெருவிரல் தானாக மடங்குவதும், உள்ளங்காலைக் கீறினால் கால் கட்டைவிரல் மேலே எழும்புவதும் மருத்துவர் தேடும் அடையாளங்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் காட்டும். அதற்கு ஈப்போ பெரிய மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்குங்கள். நடை தடுமாறுவதை அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு அவசரம் என்பதை அங்கே அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், வெல்டிங் வேலையில் கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தாலும் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைப்பார்கள். மேலும் கெடாமல் நிறுத்துவதே அதன் முதல் நோக்கம். இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது எத்தனை நாள் நசுங்கிக் கிடந்தது என்பதையும் பொறுத்தது.

முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்கிவிடக் கொடுக்காதீர்கள். நல்ல கழுத்துக்கே அதில் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. விழுந்தபின் கை பலமிழந்தாலோ, கால் திடீரென்று தளர்ந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ தேதிக்குக் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கோயிலிலும் மண்டபத்திலும் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்த அழுத்தமும் இனிப்பும் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அந்த 10 விநாடிச் சோதனைக்கு ஒரு கைக்கடிகாரமும் எண்ணத் தெரிந்த ஓர் ஆளும் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்ட மருந்தக உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்