கை கழுவ நேரமில்லை

அன்புள்ள கயல்,

நீ மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துக்கு வந்த விமர்சனத்தை அனுப்பியிருந்தாயே, இரண்டு தடவை படித்தேன். அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலையும் படித்தேன். அனுப்புவதற்கு முன் அப்பா ஒருமுறை பார்க்கட்டும் என்று தோன்றியதே, அதுவரை நிம்மதி.

அந்த மனுஷன் திட்டவில்லை, கயல். லேடி மேக்பெத் தூக்கத்தில் நடந்துவந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற காட்சியை ஒரு பத்தி முழுக்க மெச்சியிருக்கிறார். அது உன் கண்ணில் படவே இல்லை. மேக்பெத் ராஜா டங்கனைக் கொன்றதும் கதவு தட்டும் சத்தம் கேட்டு, குடிபோதையில் திறக்க வருகிறானே, அந்த வாயில்காவலன் காட்சியை நீ வெட்டியது தப்பு என்ற மூன்று வரிதான் குத்திக்கொண்டே இருக்கிறது.

உன் கட்சிக்கும் ஆள் உண்டு. அந்தக் குடிகாரன் பேச்சு ஷேக்ஸ்பியர் எழுதியதே இல்லை, கூட்டத்துக்காக வேறு யாரோ சேர்த்தது என்றார் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். நாடகாசிரியர் ஷில்லர் தன் ஜெர்மன் மேக்பெத்தில் அவனை ஒரு காலைப் பாட்டு பாட வைத்துவிட்டார். ஆனால் 1823-ல் ஆங்கிலக் கட்டுரையாளர் டி குவின்சி அந்தக் கதவு தட்டலைப் பற்றி எழுதிய கட்டுரையையும் படித்துப் பார். கொலையோடு உலகம் நின்றுபோகிறது; கதவு தட்டும் சத்தத்தில்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறது, நடந்த பயங்கரம் அப்போதுதான் நமக்கு உறைக்கிறது என்கிறார்.

போன மாதம் லண்டன் வந்தபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டே தட்டு, உடனே ராஜாவை எழுப்ப வந்த பிரபு மக்டஃப் உள்ளே. உன் மேக்பெத் அவசரமாக அங்கியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். நடுவில் காவலன் காட்சி இல்லாததால் கை கழுவ நேரமில்லை பாவம், இடது மணிக்கட்டில் சிவப்பு அப்படியே இருந்தது. மக்டஃப் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, ராஜா எழுந்துவிட்டாரா என்று கேட்கிறார்! விமர்சகரும் அதைத்தான் பார்த்திருக்கிறார். நீயோ அது வேண்டுமென்றே செய்த உத்தி என்கிறாய். என்னிடமேவா?

சரி, என் கதையையும் கேள். கல்லூரியில் 30 வருடம் மேக்பெத் நடத்தினேன், ஒரு வருடம்கூட அந்தக் காட்சியை வாசித்ததில்லை. குடித்தால் மூக்கு சிவக்கும், தூக்கம் வரும், மூத்திரம் வரும் என்று பெண்பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? 'பரீட்சைக்கு வராது' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அதுவும் உத்திதான்.

பதிலை அனுப்பாதே. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குள் பாதிக் காட்சியையாவது திரும்பச் சேர்க்க முடியுமா பார். ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதே. டங்கனாக நடிப்பவர் அதற்குள் செத்துப்போய் உள்ளே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா