புகார் கடிதம்: நான்கு டிக்கெட்டும் ஒரு சராசரியும்

சென்னை - 33
12.01.2026

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி, பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 18.10.2025 சென்னை - மதுரை விமானப் பயணத்தில் நான்கு டிக்கெட்டுக்கும் கூடுதல் விலை வசூலித்தது. ரத்தான டிக்கெட்டுக்கு வரியைக்கூடத் திருப்பித் தராதது.

பார்வை: உங்கள் நோடல் அதிகாரியின் மின்னஞ்சல், 22.12.2025.

ஐயா / அம்மா,

வணக்கம். என் முதல் புகாருக்கு வந்த பதிலை மூன்று முறை படித்தேன். சந்தை நிலவரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும், ஆனாலும் நிறுவனத்தின் ஆண்டுச் சராசரிக் கட்டணம் பெரிதாக உயரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது வேறு. எனவே நடந்ததை மறுபடி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19 அன்று காலை 8 மணிக்குத் தீபாவளிச் சனிக்கிழமைக்கான ரயில் முன்பதிவு திறந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் நான்கு பேர் விவரத்தைத் தட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிட்டது. 60 நாளுக்கு முன்னால் போய் நின்றும் இதுதான் கதி. சரி, விமானத்தில் போய்விடுவோம் என்று உங்கள் தளத்துக்கு வந்தோம். மாலை விமானம், ஒருவருக்கு 4,312 ரூபாய் என்று காட்டியது. நானும் மனைவியும் மகளும் மாமியாரும் என நான்கு பேர் என்று மாற்றியதும் ஒருவருக்கு 5,986 ஆகிவிட்டது. பண்டிகைக் கூட்டம், அதற்குள் யாரோ வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன். தளத்தில் வாங்குவதற்கான வசதிக் கட்டணம் என்று தலைக்கு 399 சேர்த்து மொத்தம் 25,540 ரூபாய்.

பத்து நிமிடம் கழித்து மகள் தன் போனில் அதே விமானத்தைத் திறந்தாள். ஒருவருக்குத் தேடினால் 4,312. இரண்டு பேருக்கும் 4,312. மூன்று என்று மாற்றினால் 5,986. மூன்று திரைப்பிடிப்புகளையும் நேரத்தோடு இணைத்திருக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். குறைந்த படியில் இரண்டே இடம் மிச்சமிருக்கும்போது நான்கு பேர் ஒன்றாகக் கேட்டால், இரண்டை அந்த விலைக்கும் இரண்டை அடுத்த விலைக்கும் கொடுப்பதில்லை. நான்கையும் மேல்படிக்குத் தூக்கிவிடுகிறீர்கள். இரண்டு இரண்டாக வாங்கியிருந்தால் 3,348 ரூபாய் மிஞ்சியிருக்கும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அபராதம் போடும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, "அது சிஸ்டம் எடுக்கிற ரேட் சார்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த சிஸ்டத்தை எழுதச் சொன்னவர்களைத்தான் கேட்கிறேன்.

இனி உங்கள் சராசரிக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் லெட்ஜரோடு வாழ்ந்தவன் நான். மதுரைக்குப் போய்வந்த ஒவ்வொரு டிக்கெட்டும் என் டைரியில் இருக்கிறது. 2016-இல் எட்டு டிக்கெட், சராசரி 2,640 ரூபாய். 2024-லும் எட்டு டிக்கெட், சராசரி 4,490. அந்த எட்டைப் பிரித்துப் பாருங்கள். சாதாரண நாளில் வாங்கிய ஆறின் சராசரி 3,650, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாங்கிய இரண்டின் சராசரி 7,010. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் 2,800-க்குப் போன சீட்டையும் தீபாவளிக்கு முந்தைய நாள் 9,000-க்குப் போன சீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5,900 வரும். அந்த 5,900-க்கு டிக்கெட் வாங்கியவர் யாரும் கிடையாது. உங்கள் பதிலில் இருக்கும் சராசரியும் அப்படிப்பட்டதுதான்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியாமல் இல்லை. செலவில் சுமார் 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. அது இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, தமிழ்நாட்டில் அதன்மேல் 29 சதவீத வாட். 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது, போட்டி குறைந்தது. கட்டணம் ஏறியதற்கு இவை காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4,312 ரூபாய் சீட்டுக்கும் 5,986 ரூபாய் சீட்டுக்கும் அதே எரிபொருள்தானே?

ரயில்வேயும் 2016 முதல் ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணத்தை ஏற்றுகிறது. ஆனால் அங்கே அடிப்படைக் கட்டணத்தில் 1.4 மடங்கு என்று உச்சவரம்பு உண்டு, எந்தப் படியில் எவ்வளவு என்பதும் தெரியும். விமானக் கட்டணத்துக்கு 2020 மே மாதம் அரசு வைத்த வரம்பு 2022 ஆகஸ்ட் 31-ஓடு போய்விட்டது. போன டிசம்பரில் ஏராளமான விமானங்கள் ரத்தாகிக் கட்டணம் எகிறியபோது மறுபடி தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 135-ஆவது விதி நியாயமான கட்டணம் என்றுதான் சொல்கிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு, ஒரே நிமிடத்தில், ஆள் எண்ணிக்கையை வைத்து விலை மாறுவது அதில் எப்படி அடங்கும் என்று விளக்குங்கள்.

இரண்டாவது விஷயம் சின்னது, ஆனால் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது. அக்டோபர் 14 அன்று மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். டாக்டர் பயணம் வேண்டாம் என்றதால் அவர் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தேன். 'திருப்பித் தரும் தொகை: 0' என்று வந்தது. அடிப்படைக் கட்டணத்தை நீங்கள் வைத்துக்கொள்வதில் எனக்குத் தகராறு இல்லை, விதிமுறையைப் படித்துத்தான் வாங்கினேன். ஆனால் ரசீதில் பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாயும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் தனித்தனியாக இருக்கின்றன. விமான நிலைய வாசலையே மிதிக்காத 78 வயதுப் பாட்டிக்கு என்ன பாதுகாப்பு கொடுத்தீர்கள்? ரத்தான டிக்கெட்டுக்கும் சட்டபூர்வ வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வின் விதி. திருப்பித் தராத சலுகை டிக்கெட்டுக்கும் அது பொருந்தும். தீபாவளி போய்ப் பொங்கலே வந்துவிட்டது, இன்னும் வரவில்லை.

ஆகவே இரண்டு இருக்கைகளின் வித்தியாசம் 3,348 ரூபாயையும், மாமியார் டிக்கெட்டுக்கான வரி, கட்டணங்களையும் நான் பணம் கட்டிய அதே கார்டுக்கு 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளும் வவுச்சர் வேண்டாம். பணம் வராவிட்டால் விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா புகார் தளத்திலும், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன். அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

தளத்தில் ஒரு வரியும் சேருங்கள்: 'இந்த விலையில் இன்னும் இரண்டு இடங்களே உள்ளன'. ஒருவருக்குத் தேடினால் 4,312 என்று காட்டத் தெரிந்த சிஸ்டத்துக்கு இதைக் காட்டவும் தெரியும்.

ரசீது, திரைப்பிடிப்புகள், ரத்து செய்த விவரம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பதில் அனுப்பும்போது இந்த நான்கு டிக்கெட்டுக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பயணி