மோசடிக் கணக்கில் என்னையும் சேர்த்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் ஊர்க்காரி இல்லை. பினாங்கில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வந்து 27 நாள் ஆகிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களான எங்களுக்கு மலேசியாவில் விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதி தருகிறார்களே, அந்தக் கணக்கில் வந்தவள். இன்னும் மூன்று நாளில் கிளம்ப வேண்டும். மகன் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைக்குப் போன பிறகு வீட்டில் பேச ஆள் கிடையாது என்பதால் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

அப்படிப் படித்ததில்தான் போன வாரம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குத் திடீரென்று ஒரு 'நட்பு' முளைத்தால் அது நூற்றுக்கு நூறு மோசடிதான், பிள்ளைகள் அம்மாவின் கைப்பேசியையும் வங்கிக் கணக்கையும் தங்கள் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கும் வரை நான் கூட்டுறவு வங்கியில் 26 வருடம் இருந்தவள். முகமே பார்க்காத எவனுக்கோ, சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பார்சலை விடுவிக்க என்று சொல்லி, கை நடுங்கப் பணம் அனுப்ப வந்த பெண்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் தடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நூற்றுக்கு நூறில்தான் எனக்குத் தகராறு. எனக்கு 52 வயது, கணவர் இறந்து ஒன்பது வருடம், இந்த 27 நாளில் எனக்கும் ஒன்று முளைத்திருக்கிறது.

எங்கள் பழக்கமும் பணத்தில்தான் ஆரம்பித்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மகனோடு பாலத்தைத் தாண்டி அக்கரையில் பட்டர்வொர்த்தில் அவன் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் பேச்சு முடிகிற மாதிரி இல்லை, நான் ஃபெரியில் போய்க்கொள்கிறேன், இறங்கியதும் பஸ் பிடித்துக்கொள்வேன் என்று அடம்பிடித்துத் தனியாக வந்துவிட்டேன். கடற்கரையில் பிறந்தவளுக்குப் படகைப் பார்த்தால் கால் நிற்காது. கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். ஆனால் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்கள், அட்டையோ கைப்பேசியோதான் செல்லுமாம். பின்னால் வரிசை நீள்கிறது, எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அப்போது தலை நரைத்த ஒருவர், "நில்லுங்கம்மா" என்று தன் அட்டையை எனக்கும் சேர்த்துத் தட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். படகில் தேடிப்பிடித்து இரண்டு வெள்ளியை நீட்டினேன். வாங்கவில்லை.

31 வருடம் இதே ஃபெரியில் எந்திர அறையில் வேலை பார்த்தவராம். வண்டிகளும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஃபெரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர், புலாவ் அங்சா, புலாவ் ரிமாவ் என்று. 2023-இல் வந்த புதிய நான்குக்கும் விரிகுடாக்களின் பெயர், தெலுக் என்று தொடங்குகிறது. பழையவை ஓய்வு பெற்ற 2021-இலேயே இவரும் ஓய்வு. இப்போது வாரம் மூன்று முறை சும்மா ஏறி அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வருகிறார். ஏன் என்று கேட்டேன். "வேலையில இருந்தவரைக்கும் கீழ எந்திரத்தோடயே கிடந்தேன், கடலை இப்பதான் பாக்கிறேன்" என்றார். எனக்கு அப்போதே ஏதோ ஆகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். அவர் அப்பாவும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர்தானாம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "2004-ல அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்றார். தேதி சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இந்தத் தீவிலும் அதே ஞாயிற்றுக்கிழமை அதே அலையில் 50 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கணவர் போன இந்த ஒன்பது வருடத்தில் என்னை யாரும் அந்த நாளைப் பற்றிக் கேட்டதில்லை.

மறுநாளே கடனைத் தீர்க்கிறேன் என்று ஜெட்டிக்கு, அதாவது ஃபெரித் துறைக்குப் போனேன். (கடனைத் தீர்க்கத்தான் போனேன் என்று மகனிடம் சொன்னேன், உங்களிடமும் அப்படியே சொல்கிறேன்.) சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது, வாருங்கள் என்று கூட்டிப்போனார். நாகப்பட்டினத்துக்காரி கடல் தாண்டி வந்து நாகூர் தர்கா முன்னால் நிற்கிறேன்! "பசியாறிட்டீங்களா" என்று அவர் கேட்டதும் இன்னும் வேடிக்கையாக இருந்தது. எங்கள் பக்கம் அது நாகூர் முஸ்லிம் வீடுகளில் கேட்கிற பேச்சு, இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். குவீன் தெரு மாரியம்மன் கோவில், தண்ணீர்மலை முருகன் கோவில் என்று பிறகு நிறைய நடந்தோம். தண்ணீர்மலைக்கு 513 படி என்று அவர் சொன்னார், நான் எண்ணிக்கொண்டே ஏறினேன், அவர் முட்டிக்கு ஓய்வு கொடுக்க உட்கார்ந்த இடத்தில் பேச்சு வளர்ந்து எண்ணிக்கை தப்பிவிட்டது.

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய சிக்கல் கூப்பிடுவதுதான். முதலில் அவர் அம்மா என்றார், நான் சார் என்றேன். அடுத்த முறை அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் அண்ணே. அவருக்கு 58 வயது, ஆனாலும் அக்கா! நம் மொழியில் ஒரு ஆணும் பெண்ணும் ஏதாவது ஒரு உறவை ஒட்டவைக்காமல் ஒருவரையொருவர் கூப்பிடவே முடியாது போலிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் அண்ணே என்ற சொல் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கவனித்தால் அவரும் அக்காவை விட்டிருந்தார். ஒரு வாரம் முழுக்க இரண்டு பேரும் "பஸ் வந்துருச்சு", "தே ஆறுது" (டீயை இங்கே தே என்கிறார்கள்) என்று காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். தாவரப் பூங்காவில் ஒரு குரங்கு வந்து என் பையைப் பிடித்து இழுத்தது. பயத்தில் "ஏங்க!" என்று கத்திவிட்டேன். என் கணவருக்குப் பிறகு நான் வாயால் சொல்லாத சொல். குரங்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மரத்தில் ஏறிவிட்டது. அவர் கீழே விழுந்த என் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று பஸ் வரும் வரை நாங்கள் பேசவே இல்லை.

அவ்வளவுதான் சம்பவம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கை கூடப் பிடித்ததில்லை. கடிதம் எழுதிய வாசகர் சொன்னபடி மகன் என் கைப்பேசியைத் துருவியிருந்தால் "குடை எடுத்தீங்களா", "ஜெட்டி பஸ் ஏறியாச்சு", நாலைந்து காலை வணக்கப் படங்கள், இவைதான் கிடைத்திருக்கும். பணம் பற்றி அவர் கேட்டதே இல்லை, வங்கிக்காரி புத்தியில் விசாரணை நடத்தியதெல்லாம் நான்தான். அவர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டினார், நான் என் பிரஷர் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். இந்த வயதில் ஜாதகப் பொருத்தம் அதில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மகனுக்கு 19-ஆவது நாள் தெரிந்தது. லிட்டில் இந்தியாவில் யாரோ உடன் வேலை பார்ப்பவர் எங்களைப் பார்த்திருக்கிறார். "ஆள் யாருன்னு விசாரிச்சியாம்மா? பணம் ஏதாவது குடுத்தியா?" என்றான். இரண்டு வெள்ளி நான்தான் தர வேண்டும் என்றேன். சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அந்த இரண்டு நாளும் நானும் ஜெட்டிப் பக்கம் போகவில்லை, அவன் கோபத்தில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. மூன்றாம் நாள் அவனே, "சரி, வீட்டுக்கு வரச் சொல்லு" என்றான். அவர் பினாங்கு ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, இருவரும் ஒரு மணி நேரம் டீசல் எந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையிலேயே இருந்தேன்.

கல்யாணமா, அவர் அங்கே வருவாரா, நான் இங்கே வருவேனா என்றெல்லாம் கேட்காதீர்கள். ஜொகூரில் இருக்கும் அவர் மகளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை, எனக்கு என் மாமியாரை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இப்போதைக்கு அவருக்கு நாகப்பட்டினம் பார்க்க வேண்டுமாம், அப்பா கப்பல் ஏறின இடத்தைப் பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான் காரணம்.

நேற்று இரவு அவர் வந்து உட்கார்ந்திருக்க, மகன் இந்திய இ-விசா படிவத்தை மடிக்கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக் கேட்டுத் தட்டினான். இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர் பெயரும் முகவரியும் என்று ஓர் இடம் வந்தது. அதற்கு மட்டும் அவன் யாரையும் கேட்கவில்லை. என் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் வாசகி (பெயர் வேண்டாமே),
தற்போது பாயான் லெப்பாஸ், பினாங்கு